நாணலுக்குள் ஒரு குரல்

காலை வெயில் பம்ப் ஹவுஸ் குளத்து நாணலில் சாய்ந்து கிடக்கிறது. கடல் தாண்டி வந்த சின்னஞ்சிறு பறவை ஒன்பது நாளாக அதற்குள் இரை தேடுகிறது. வயிறு நிரம்பினால்தான் அடுத்த கடலைத் தாண்ட முடியும். இதுவரை ஒருமுறைகூட அது வாய் திறந்ததில்லை. பம்ப் ஓட்டும் அக்காவின் கண் பறவைமேல் இல்லை. கரையில் முக்காலி விரித்து நிற்கும் கேமராக்காரன்மேல் இருக்கிறது. போன வாரம் வந்தவனும் இப்படித்தான் பூனை மாதிரி நின்றான். பிறகு போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, பாவம், அதை வெளியே இழுத்து அலைக்கழித்தான். இவனுடைய இடது கையும் பையை விட்டு வெளியே வரக் காணோம்.

"பையில என்ன தம்பி?"

"பிஸ்கட்டுக்கா. பசிக்குது."

நம்புகிற மூஞ்சியா இது? அக்கா இன்னும் ஓரடி நெருங்குகிறாள். 'ட்ரிக்... ட்ரிக்' என்று ஒரு குரல் கேட்கிறது.

"தெரியும்டா எனக்கு! நிறுத்துடா அதை!"

கத்திய கத்தலில் தண்ணீரே சிலிர்க்கிறது. அவன் மெல்லக் கையை எடுத்து நீட்டுகிறான். பாதி பிஸ்கட்.

"போன் வண்டியில இருக்குக்கா. பறவையேதான் கூப்பிட்டுச்சு."

நாணல் ஒருமுறை ஆடி நிற்கிறது. பழுப்புச் சிறகு வேலிக்கு மேலே எழும்பி, சிறுத்து, புள்ளியாகிறது. அந்த வேலியில்தான் அக்கா தன் கையால் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி மாட்டிய பலகை தொங்குகிறது: 'சத்தம் போடாதீர்கள்.'