விளம்பரம் வரும்போது

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததில் தங்கமாரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவன் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மனைவி பேச்சிக்கனி சீரியல் பார்ப்பாள். தன் அபிப்பிராயங்களை விளம்பரம் வரும்போதுதான் சொல்வாள்.

அன்று கதாநாயகி, படுக்கையில் கிடக்கும் புருஷனை விட்டுவிட்டுத் துணிப்பையோடு வெளியேறினாள். விளம்பரம் வந்தது. பேச்சிக்கனி கிண்ணத்து எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள்.

“ஏட்டி, நேத்து அந்த மாமியாக்காரிய அந்தக் கிழி கிழிச்ச. இன்னைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“போனதுல தப்பில்ல,” என்றாள்.

கை தேய்க்கிறதா, நின்றுவிட்டதா என்று அவன் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டான். தேய்த்துக்கொண்டுதான் இருந்தது.

“பெறகு எதுதான் தப்பு?”

“அவன் தூங்கையில போனா பாருங்க, அது. மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுல்லா போணும்.”

மற்றொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சத்தத்தக் கூட்டுங்க. நாடகத்தப் போட்டுட்டான்.”