முனீஸ்வரருக்கு ஒரு குதிரை

"அடேயப்பா, என்ன வெள்ளை! சாமிக்குன்னே பொறந்த குதிரை!" என்று சுகுமாறன் வாய்விட்டுச் சிரித்தபோது, குதிரைக்காரன் பேசிலுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

சுகுமாறன் கிள்ளான் டவுனிலிருந்து மனைவி மலர்விழியோடு வந்திருந்தார். காரில் ரோஜா மாலை, வாழைப்பழச் சீப்பு, புதுச் சிவப்புப் பட்டு. பண்டமாரானில் பேசிலின் தகரக் கொட்டகைக்கு இப்படிக் கல்யாணக் களையோடு இதுவரை யாரும் வந்ததில்லை.

சீனி என்ற அந்தக் குட்டைக் குதிரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவந்து பிழைத்தவன் பேசில். இப்போது நிலத்துக்காரர் கொட்டகையை இடித்துவிட்டுக் கண்டெய்னர் அடுக்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் சீனிக்கு வேறு இடம் கிடைக்காவிட்டால், டாக்டர் வந்து ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவார்.

இடம் எங்கே கிடைக்கும்? கழுத்தில், பிடரி மயிருக்கு அடியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி. வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்ததும் வந்த வழியே ஓடிவிட்டார்கள். அதனால்தான் இன்று காலை பேசில் பிடரியை வாரி வாரி அந்தப் பக்கமே படிய விட்டிருந்தான். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

"எங்க முனீஸ்வரருக்கு வேண்டுதல், பாஸ்," என்றார் சுகுமாறன். "ரொம்ப வருஷமா எங்களுக்குப் பிள்ளை இல்ல. ஒண்ணு கொடுத்தா வெள்ளைக் குதிரை விடுறேன்னு இவ வேண்டிக்கிட்டா. ஊர்ல எல்லாரும் சிமெண்டுக் குதிரை வேண்டுவாங்க. இவளுக்கு உயிரோட வேணுமாம்! மக பொறந்து ஆறு வயசாச்சு. இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துட்டோம் லா. இனிமே இழுக்க முடியாது."

"கோயில்ல எடம் இருக்காண்ணே?"

"கொட்டகையே போட்டாச்சு. பூசாரி பாத்துக்குவாரு."

மாதாவே, கண் திறந்துவிட்டாய் என்று பேசில் நினைத்துக்கொண்டான். நிழல், தீனி, தேங்காய், பழம். சீனி இனி சாமி வீட்டுப் பிள்ளை!

சுகுமாறன் மாலையை எடுத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிரைக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பினார். அதைப் பார்த்ததும் பேசிலின் கை தானாகப் பிடரிக்குப் போனது. மனிதரை ஏமாற்றினால் கூட மன்னிப்பு உண்டு. சாமியைப் போய் ஏமாற்றலாமா? எந்தச் சாமியாக இருந்தால்தான் என்ன?

"அண்ணே, மாலைய போடாதீங்க," என்று சொல்லிப் பிடரியை விலக்கிக் காட்டினான். "கேன்சர். தோல்ல வர்றது. ஒருக்கா வெட்டி எடுத்தாச்சு, திரும்பவும் வந்துருச்சு. இன்னும் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிசு."

சுகுமாறனின் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ! காது கிழிஞ்ச ஆட்டைக்கூட நாங்க சாமிக்கு விட மாட்டோமே! இதுலயும் குறை வச்சா, அப்புறம் எந்த முகத்தோட அவர் முன்னால போய் நிப்போம்?" மாலையைச் சுருட்டிக்கொண்டு விடுவிடுவென்று காருக்குப் போய்விட்டார்.

தள்ளி நின்ற மலர்விழி, மெல்லக் கிட்டே வந்து கட்டியின் மேல் கை வைத்தாள். சீனி தலையை ஆட்டவில்லை.

"வலிக்குமாண்ணே?"

"வலிக்கும் போலக்கா. சில நேரம் தகரத்தைப் போட்டு உதைக்கும்."

"சாப்பிடுதா?"

"கையில வச்சு ஊட்டினா ரெண்டு வாய்."

"மருந்து கொடுத்தா முடியெல்லாம் கொட்டிருமா?"

அடடா, கேள்வியைப் பார் என்று பேசிலுக்கு எரிச்சல் வந்தது. ஊர்வலத்தில் குதிரை அழகாக இருக்க வேண்டுமே என்ற கவலை போலிருக்கிறது!

"மருந்து தடவின எடத்துல மட்டும் கொட்டுச்சுக்கா. வெளிய தெரியாம மறைச்சிடலாம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மறு கையால் சீனியின் நெற்றி மயிரைக் கோதிவிட்டாள்.

"லோரிக்குச் சொல்லிருங்க. இதையே எடுத்துக்கிறோம்."

"மலரு! புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று காரிலிருந்து சுகுமாறன் கத்தினார். கத்திய வேகத்திலேயே ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேசில் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு லோரிக்காரனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாழாய்ப்போன மனசாட்சி விட்டால்தானே!

"அக்கா, எனக்கு இது போனாப் போதும், இல்லேங்கல. ஆனா நல்லா யோசிங்க. அந்தச் சாமி உங்களுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்காரு. அவருக்குப் போய் சாகப்போற குதிரையைக் கொடுக்கலாமா?"

மலர்விழி கட்டியின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அவரு எனக்குக் கொடுத்த பிள்ளையும் இப்படித்தாண்ணே."