சினை நத்தை

இடுப்பளவு தண்ணீரில் நின்று பூங்காவனம் காலால் சேற்றைத் துழாவினாள். அவள் வயிறு கழுவியதெல்லாம் இந்த ஏரியின் நாட்டு நத்தையில்தான். இப்போது கால் வைத்த இடமெல்லாம் எலுமிச்சம்பழப் பருமனில் வந்தேறி நத்தைதான் தட்டுப்படுகிறது. அதைச் சந்தையில் யாரும் சீந்துவதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் அதன் முட்டைகள் கோரைத் தண்டுகளில் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாய் ஒட்டியிருந்தன. மீன் பிடிக்கிறவர்கள் துடுப்பால் தட்டித் தண்ணீரில் தள்ளி அழுகவிட வந்தபோது, குறுக்கே நின்று தடுத்தவள் அவள்தான். சினையை அழிக்கக் கூடாது என்பது நத்தை பொறுக்குகிறவர்களின் கட்டுப்பாடு.

"காவல் காத்தியே அண்ணி, புள்ளைங்க எப்பிடி வளந்து நிக்குது பாரு" என்றாள், பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த நாத்தனார் செல்லி.

"வாய மூடிக்கினு தேடுடி."

உச்சி வெயிலில் பெருவிரலில் சின்னதாக ஒன்று இடறியது. எடுத்தாள். நாட்டு நத்தை, ஒன்பது நாளில் முதலாவது. வெயிலுக்கு நேரே பிடித்தாள். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் சாதி அது; ஓட்டுக்குள் கடுகு கடுகாய்க் குஞ்சுகள் நிழலாடின.

"சினை அண்ணி. வுட்டுடு."

"எங்க வுட?"

செல்லி ஏரியைப் பார்த்தாள். சேற்றில் விட்டால் குஞ்சுகளை வந்தேறி நத்தைகள் தின்றுவிடும். குடத்தில் போட்டு வைத்தால் ரெண்டு நாளில் செத்து நாறிப்போகும்.

பூங்காவனம் நத்தையை உள்ளங்கையில் பொத்தி, தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலிடுக்கில் அது வழி தேடி ஊர்ந்தது. தோள் கடுக்கத் தொடங்கியது.