மூன்றாம் வளைவில் ஒரு பெஞ்சு

உலகெங்கும் உள்ள மலைநடைப் பிரியர்களின் மேலான கவனத்துக்கு: சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகளின் நடைவழிகளைக் கரைத்துக் குடித்த ஒரே மேதை, இந்த 2011ஆம் ஆண்டில், அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜின் மாடி அறையில் லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பெயர் மணவாளன். வயது ஐம்பத்திரண்டு. இதுவரை அவர் தொட்ட ஆக உயரமான சிகரம் அந்த அறைக்கு வரும் மாடிப்படி. அதிலும் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்.

டுட்டோரியலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். டுட்டோரியல் படுத்துவிட்டது. இப்போது முதுநகரில், கருவாட்டுக் கடைக்கு மேலே இயங்கும் ஒரு சர்வதேச நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். பிரான்ஸ் தேசத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் செயற்கைக்கோள் படம் அங்கிருந்து வரும். அதில் நடந்துவிட்டு வந்தவர்போல இவர் இங்கிலீஷில் எழுத வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதை இணையத்தில் படித்துவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள் என்பது ஏற்பாடு.

நிறுவனம் அவருக்கு ‘தலைமை நடைவழி வல்லுநர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தது. மெஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அப்பளம் கூடுதலாக வைத்தார். மூன்றாம் நாள் வல்லுநரை மறந்துவிட்டார்.

ஆனால் மணவாளன் வேலையில் சுத்தம்.

மழை பெய்தால் சரளை வழுக்கும் என்று எழுதுவார். உச்சி வெயிலில் வெள்ளைப் பாறை கண்ணைப் பறிக்கும் என்று எழுதுவார். பெய்த மழையை எல்லாம் சுண்ணாம்புப் பாறை உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே ஒரு சொட்டு கிடைக்காது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள் என்பார்.

ஒவ்வொரு வழியின் முடிவிலும் ஒரு வரி தவறாது. தனியாகப் போகாதீர்கள்.

ஏழாவது வழியில்தான் கொஞ்சம் கை மீறிவிட்டது.

‘மூன்றாம் வளைவில், அத்தி மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. இடது ஓரம் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், துணி மாட்டும். கூட வருபவரை வலப்புறம் உட்கார வையுங்கள்.’

படத்தில் வளைவு இருந்தது. மரம் என்று சொல்லத்தக்க ஒரு பச்சைப் புள்ளியும் இருந்தது. பெஞ்சு இல்லை. அப்படி ஒன்று அங்கே இருப்பது பிரெஞ்சு அரசாங்கத்துக்கே தெரியாது.

எவனாவது போய்ப் பார்த்துவிட்டு ‘பெஞ்சு எங்கே’ என்று கேட்டால் வேலை போய்விடும். மணவாளன் பயந்துகொண்டேதான் இருந்தார்.

வந்தது ஹெலன் என்றொரு வாசகியின் பின்னூட்டம்.

‘உங்கள் பெஞ்சைக் கண்டுபிடித்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உடைந்த பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டு, நல்ல பக்கத்தைக் காலியாக வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.’

மணவாளன் படித்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தார்.

இல்லாத பெஞ்சில் ஒருத்தி எப்படி உட்கார முடியும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றியது வேறு. பாவம், கம்பி குத்தியிருக்குமே.

சாப்பாட்டு டோக்கன் கேட்பதைத் தவிர, அவரிடம் யாராவது ஏதாவது சொல்லி மாதக்கணக்காகிறது.

ஆகவே இன்று ஹெலனுக்குப் பதில். அதற்காக முகச்சவரம் ஆயிற்று. லுங்கிக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டையும் ஏறிவிட்டது. ஹெலன் பார்க்கப்போவதில்லைதான். இருந்தாலும் ஒரு மரியாதை. ‘அன்புள்ள ஹெலன்’ வரைக்கும் எழுதி முடித்து, அடுத்த வார்த்தைக்காக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்போன் அடித்தது. முதுநகர் ஆபீசிலிருந்து ராபர்ட்.

“இன்னா மாமா, எட்டாவது ரூட்டு எங்க? மேனேஜரு என் தலைய உருட்டறாரு.”

“அனுப்பறேன் ராபர்ட்டு. ஒண்ணு கேக்கணும். ஏழாவது ரூட்டுக்கு ஹெலன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்களே, அவுங்க எந்த ஊருன்னு தெரியுமா?”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலில் போய் முடிந்தது.

“எந்த ஊரா? முதுநகரு ஸ்டேஷன் பின்னாடி. நாந்தான் மாமா ஹெலனு. பாராட்டி எழுதறதுக்கு ஆபீசுல ஆளாளுக்குப் பேரு பிரிச்சுக் குடுத்திருக்காங்க. எனக்கு ஹெலனு, பீட்டரு, அப்புறம் ரிடயர்டு கர்னலு ஒருத்தரு.”

மணவாளன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

ராபர்ட்டின் குரல் கொஞ்சம் இறங்கியது. “மத்ததுக்கெல்லாம் ‘நல்லா இருக்குது’ன்னு போட்டுட்டுப் போயிக்கினே இருப்பேன். அதுக்கு மட்டும் என்னமோ நீளமா எழுதிட்டேன். ஏன் மாமா, மெய்யாலுமே அந்த பெஞ்சு இருக்குதா?”

“இருக்குது,” என்றார் மணவாளன்.

போனை வைத்துவிட்டு, எழுதியதை அழித்தார். முதலில் ஹெலன் போனாள். ‘அன்புள்ள’ மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

சிதம்பரம் ரயில் நிலையத்தில், மீட்டர்கேஜ் வண்டி ஓடிய காலத்தில், நடைமேடைக் கோடியில் கிடந்த பெஞ்சு அது. அவர் மனைவி ஜோதிலட்சுமி மாயவரத்திலிருந்த அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, இருவரும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மணவாளன்.

வண்டி வந்ததும் அவள் எழுந்தாள். முந்தானை கம்பியில் மாட்டிக்கொண்டது. ஒரு நூல்கூடப் பிரியாமல், அவர்தான் குனிந்து பக்குவமாக எடுத்துவிட்டார். அவள் வண்டியேறினாள். திரும்பி வரவில்லை.

அகலப் பாதை போட்டபோது அந்த பெஞ்சைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.