சிவப்பு ஸ்டிக்கர்

"மெஷின்லதான் மாரிண்ணன் வெரலு போச்சுக்கா. வூட்ல வெட்டிக்கினாருன்னு கம்பெனில எழுதிட்டானுங்க," என்று செந்தாமரை கிசுகிசுக்கிறாள். ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், இரவல் யூனிஃபார்மில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிருபர் இசைவாணியின் மடியில் போன் அதைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. ஜன்னல் வெயில் பட்டு அதன் கேமரா மின்னும்போதுதான் இசைவாணி சுற்றிப் பார்க்கிறாள். மற்ற எல்லார் போனிலும் கேமராவை மூடி கம்பெனி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் இருக்கிறது. அதை உரித்தால் வேலை போய்விடும். "இன்னாம்மா, புதுசா? எந்த லைனு? போனக் காட்டு," என்று முன்சீட்டிலிருந்து சூப்பர்வைசர் எழுந்து வருகிறார். செந்தாமரை தன் போனிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி உரித்து இசைவாணியின் போனில் அழுத்துகிறாள். "நீ எழுதுக்கா, போதும்." சூப்பர்வைசர் இன்னும் இரண்டு சீட் தூரத்தில்தான் இருக்கிறார். நீங்களாக இருந்தால் அந்த ஸ்டிக்கரைத் திருப்பி அவள் போனிலேயே ஒட்டிவிடுவீர்களா, சொல்லுங்கள்?