தொழுவத்தில் ஓர் அதிகாரி

கட்டப்பட்டிருந்தவனின் உதட்டிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தது. பாஷ்க் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றித் தொழுவத்துத் தூணோடு சேர்த்து இறுக்கினான்.

"மாடு முங்கினா நீயும் முங்குவே. அதிகாரின்னு தண்ணி ஒதுங்கிப் போயிடாது."

"நான் அதிகாரியே இல்லைண்ணே. சும்மா மழை அளக்கிறவன்."

"மழை அளக்கிறவனுக்கு முத்திரை போட்ட ஜீப் கேக்குதா?" துப்பாக்கிக் கட்டையால் அவன் விலாவில் ஒன்று வைத்தான் பாஷ்க்.

பாஷ்க் கோபக்காரன் என்று அந்த அல்பேனியக் கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். ஆனால் இன்று, கூரைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஸெஃபுக்குக்கூட அவனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

மின்சாரம் விற்கும் ஆசையில், மலைமேல் இருந்த அணையை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தது அரசாங்கம். நேற்று மழை வலுத்ததும், ஒரு சங்குகூட ஊதாமல் எல்லா மதகுகளையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டார்கள். விடிந்தபோது பாஷ்க்கின் முற்றத்தில் ஆறு ஓடியது.

கன்றுகளைத் தூக்கிப்போய் மாடிப் படுக்கையறையில் விட்டாயிற்று. பெரிய மாடுகள் படியேறுமா? கரைமேட்டுக்கு ஓட்டிப் பார்த்த முதல் பசுவை, இருப்பதிலேயே அதிகம் கறந்ததை, வெள்ளம் கண்ணெதிரே உருட்டிக்கொண்டு போனது.

அந்த நேரம் பார்த்துக் கரைமேட்டுச் சாலையில் அணைக்கட்டு ஜீப் வந்தது. பாஷ்க் படகை வலித்துக்கொண்டு போய், உள்ளே இருந்த கறுப்புக் கோட்டுக்காரனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். பெயர் அகிம் என்றான் அந்த ஆள். அதற்குமேல் எதையும் முகம் பார்த்துச் சொல்லவில்லை.

"போன் போடு. மதகை மூடச் சொல்லு."

கட்டாமல் விட்டிருந்த ஒரு கையால் அகிம் எண்களை அழுத்தினான். அங்கே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்கிறாங்கண்ணே. என்னை விட்டுடுங்க, வேலைக்கு நேரமாச்சு."

"என் மாடு சாகுது, உனக்கு வேலைக்கு நேரமாச்சா!" விழுந்த அறையில் அகிமின் பல் ஒன்று தெறித்துத் தண்ணீரில் விழுந்தது.

பாஷ்க்கின் மனைவி திலே, இடுப்பளவு தண்ணீரில் ஒரு தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். தட்டில் ஒரு கோப்பை காபி, பக்கத்தில் ஒரு மடக்குச் சாராயம்.

"இவனுக்கு எதுக்குடி காபி? குடிச்சுட்டான்னா விருந்தாளி ஆயிடுவான். அப்புறம் நான் கை வைக்க முடியாது."

"அதுக்குத்தானே கொண்டு வந்தேன்."

பாஷ்க் தட்டைத் தட்டிவிட்டான். கோப்பை மாடுகளுக்கு நடுவே மிதந்து போனது.

"பாஷ்க்!" என்று கூரையிலிருந்து கத்தினான் ஸெஃப். "ரேடியோல மந்திரி பேசறார்! மதகை மூடச் சொல்லிக் காலையிலயே உத்தரவு போட்டாச்சாம்! தண்ணி வடியுதாம்!"

"எங்கடா வடியுது? மந்திரி வீட்டுக் கொல்லையிலயா?"

மாடுகளின் முதுகை நனைத்துவிட்டிருந்தது வெள்ளம். அகிம் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

ஓரத்தில் நின்ற கிழட்டுப் பசு முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. ஒரு தடவை தலையைத் தூக்கியது, பிறகு தூக்கவில்லை. பாஷ்க் துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி, குழலை அகிமின் நெற்றியில் வைத்தான்.

"இப்பப் போய் அளடா மழையை."

விசையில் விரல் மடங்குவதற்குள் திலே பாய்ந்துவிட்டாள். மாடிக்குப் போய் எடுத்து வந்திருந்த காபிப் பாத்திரத்தை அகிமின் வாயில் அப்படியே கவிழ்த்தாள். நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று அவனும் மடக்மடக்கென்று விழுங்கினான்.

பாஷ்க் விசையிலிருந்து விரலை எடுத்தான். தன் வீட்டுக் காபி தொண்டையில் இறங்கியவனைச் சுட்டால், அப்புறம் அந்தச் சமவெளியில் ஒருவனும் அவன் வாசலை மிதிக்க மாட்டான். அவன் மகனுக்குப் பெண் கொடுக்க ஆள் இருக்காது. மனைவியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துப்பாக்கியை வைக்கோல் பரண்மேல் வீசினான்.

பிறகு தன் சட்டைக் கையாலேயே அகிமின் முகத்து ரத்தத்தைத் துடைத்தான். விருந்தாளி என்று ஆகிவிட்டால் விசாரிக்காமல் இருக்க முடியாதே.

"வாங்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் சௌக்கியம்ணே." அகிம் ரத்தத்தைத் துப்பினான். "இனிமே என்னைச் சுட மாட்டீங்கல்ல?"

"விருந்தாளியை எவன் சுடுவான்?" ஈரத்தில் இறுகிப்போன முடிச்சோடு போராடினான் பாஷ்க். "உண்மையைச் சொல்லுங்க. அங்க ஏன் ஒருத்தனும் போனை எடுக்க மாட்டேங்கிறான்?"

"ஆள் குறைப்புன்னு எல்லாரையும் அனுப்பிட்டாங்கண்ணே. மதகு ரூம்ல இப்ப ராத்திரிக்கு ஒருத்தன், பகலுக்கு ஒருத்தன், அவ்வளவுதான். ராத்திரிக்காரன் விடிஞ்சதும் பூட்டிட்டுப் போயிடுவான். மேலேருந்து உத்தரவு வந்தா போனை எடுக்கிறது, மதகை மூடறது, எல்லாமே பகல்காரன்தான்."

"அந்தப் பகல்காரப் பயல் எங்க போய்த் தொலைஞ்சான்?"

"அவனைத்தாண்ணே விடிஞ்சதிலேருந்து கட்டி வெச்சிருக்கீங்க."