விளக்கேற்றாத காலை

மாதவிலக்கு பன்னிரண்டு நாள் தள்ளியிருந்தும், கோமளவல்லி அன்று காலை பூசையறைக்கு வெளியே நின்று, “நான் வீட்டுக்குத் தூரம், அத்தை” என்று மாமியாரிடம் பொய் சொன்னாள். சென்றமுறை நாள் தள்ளியதுமே உறவெல்லாம் கொண்டாடியது. கரு கலைந்தபின் ஒவ்வொருவருக்கும் அவளே பதில் சொல்ல நேர்ந்தது. இம்முறை இறைவன் ஒருவன் அறிந்தால் போதும்.

மாமியார் விளக்கேற்றிப் பதிகம் பாடி முடித்தார். விலக்கான நாள்களில் அவளைத் தொட்டே அறியாதவர், திருநீற்றுத் தட்டுடன் வாசற்படி தாண்டி வந்து, அவள் நெற்றியில் தம் விரலாலேயே பூசினார்.

“ஐயோ, தீட்டு அத்தை!”

“பொய் சொல்லக்கூடத் தெரியலடி உனக்கு. போ, நானும் வாயத் தொறக்க மாட்டேன்.”

வயிற்றை நோக்கிப் போன கையைக் கோமளவல்லி பாதியில் நிறுத்தி, மற்றக் கையோடு சேர்த்துக் கூப்பினாள்.